எங்கள் கேம்பர் வண்டிக்கு ஜிபிஎஸ் கண்காணிப்பு: பொருத்திய முறையும் சோதித்த விதமும்

சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் வைத்திருக்கும் ஏழு இருக்கை வண்டி வார நாட்களில் வேலைக்கு ஓடுகிறது. நீண்ட விடுமுறை வந்தால் பின்னிருக்கைகளை மடித்து, அவற்றின்மேல் ஒட்டுப்பலகைக் கட்டிலையும் மெத்தையையும் விரித்து, நானும் மனைவியும் அதிலேயே படுத்துறங்கும்படி மாற்றிக்கொள்கிறோம். இருக்கைகளைக் கழற்றவோ வண்டியின் அமைப்பை மாற்றவோ இல்லை. எல்லாம் தூக்கி வெளியே வைக்கக்கூடிய சாமான்களே. தேசாரு, கேமரன் மலை என்று போனாலும் நாங்கள் மிகுதியாகப் போவது மலேசியாவின் மெர்சிங் வழியாகத் தியோமான் தீவுக்குத்தான். அப்போது வண்டியை மெர்சிங் படகுத்துறை அருகே நிறுத்திவிட்டுக் கடலைத் தாண்டிப் போய்விடுவோம். இரண்டு மூன்று இரவுகள் அது எங்கள் கண்ணில் படாமல் தனியே நிற்கும்.

சிங்கப்பூரில் வாகனம் திருடுபோவது அரிது. திருடியவன் தீவை விட்டு வெளியேற உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியைக் கடந்தே ஆகவேண்டும். ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கு அப்பால், மலேசியாவில், அந்த வேலி இல்லை. ஜோகூரிலிருந்து தாய்லாந்து எல்லைவரை தொடர்ச்சியான சாலை இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் திட்டமிட்டது முழுக்க மெர்சிங் வாகன நிறுத்துமிடத்தை மனத்தில் வைத்தே.

இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் சிலர், புதிய மின்னியல் சாலைக் கட்டண முறைக்காக 2023 நவம்பர் முதல் நம் வண்டிகளில் பொருத்தப்பட்டுவரும் ஓபியு கருவியே செயற்கைக்கோளைப் பார்க்கிறதே, மலேசியாவுக்காக ஒட்டிய விஇபி (வாகன நுழைவு அனுமதி) வில்லையும் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று கேட்டார்கள். ஓபியு கட்டணம் கணக்கிடுவதற்கான கருவி. உரிமையாளர் தம் கைப்பேசியில் வண்டியின் இடத்தைப் பார்க்கும் வசதி அதில் இல்லை. மலேசியா 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதத்தோடு கட்டாயமாக்கிய விஇபி வில்லையோ தனக்கென மின்கலமே இல்லாத வானொலி அடையாளச் சில்லு. வாசிப்பான் அருகே போனால் மட்டுமே அது பதில் சொல்லும். திருடுபோன வண்டியைத் தேட இரண்டும் உதவா. ஓபியு-வின் வயர்களைத் தொடுவதும் கூடாது. அதன் செயற்பாட்டகம் பெரும்பாலும் முன்பயணியின் கால்பக்கத்தில் இருப்பதால், அந்தப் பகுதியை நான் முழுமையாகத் தவிர்த்துவிட்டேன்.

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுப்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தடுப்பது ஸ்டியரிங் பூட்டு; அதை நாங்கள் இப்போதும் போடுகிறோம். கண்காணிப்புக் கருவியின் வேலை, வண்டி நகர்ந்த சில நிமிடங்களில் நமக்குத் தெரிவிப்பதும், காவல்துறைக்குச் சொல்ல ஓர் இடத்தைத் தருவதும்தான். அதற்கு அந்தக் கருவிக்கு மின்சாரம், வானம், கைப்பேசி வலையமைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். திருடன் இவற்றில் ஒன்றைத் துண்டித்தால் போதும், கருவி ஊமையாகிவிடும். ஆகவே ஒன்றின் பலவீனம் மற்றொன்றுக்கு இல்லாதபடி மூன்று கருவிகளைத் தேர்ந்தெடுத்தேன்: வண்டியின் மின்சாரத்தில் இயங்கும் முதன்மைக் கருவி, தன் மின்கலத்திலேயே மாதக்கணக்கில் தூங்கி விழிக்கும் இரண்டாவது கருவி, ஜிபிஎஸ்-ஸோ சிம் அட்டையோ இல்லாத புளூடூத் வில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளில் பல 2ஜி மட்டும் கொண்டவை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி-யும் 2024-இல் விடைபெறத் தொடங்கிவிட்டது. மலேசியாவிலோ 3ஜி 2021 இறுதிக்குள் மூடப்பட்டு, 2ஜி அதற்குப் பிறகும் இயங்கிவந்தது. இதனால், ஜோகூரில் வேலை செய்து ஈசூனுக்குத் திரும்பியதும் உயிரற்றுப்போகும் கருவிகள் சந்தையில் உள்ளன. ‘4ஜி’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதும் போதாது. எந்த எல்டிஇ (4ஜி) அலைவரிசைகள் என்று விவரத்தாளில் பார்க்கவேண்டும். இரு நாடுகளிலும் பயன்பாட்டிலுள்ள 1800 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 3), 900 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 8) இரண்டும் இருக்கும் கருவியையே எடுத்தேன். வேறு கண்டத்துக்கெனத் தயாரித்த மாதிரி ஒரே பெயரில் விற்பனைக்கு வரும் என்பதால், மாதிரி எண்ணின் கடைசி எழுத்துகள் வரை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உள்ளூரில் ஆள்பெயரில் பதிவுசெய்த முன்கட்டணச் சிம் ஒன்றைக் கருவிக்கென ஒதுக்கினேன். ஒருவர் பெயரில் மூன்று முன்கட்டணச் சிம்கள்தாம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு இங்கே உண்டு. சிம்மை முதலில் கைப்பேசியில் போட்டு, அதன் இரகசிய எண் (PIN) கேட்கும் பூட்டை நீக்கி, வெளிநாட்டுத் தரவுச் சேவையை இயக்கி, இணைய இணைப்புக்கான ஏபிஎன் பெயரைக் குறித்துக்கொண்டு அதன்பிறகே கருவிக்கு மாற்றவேண்டும். இந்தப் படிகளில் எது விடுபட்டாலும் கருவி பிழை எதையும் காட்டாது, சும்மா இருக்கும். தரவு அளவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 30 விநாடிக்கு ஒருமுறை சுமார் 150 பைட் அனுப்பினால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 240 செய்திகள். இணைப்புக்கான கூடுதல் சுமையைச் சேர்த்தாலும் மாதத்துக்குச் சில மெகாபைட்டுகளைத் தாண்டாது.

மின் இணைப்பு

மின்கலக் கணக்கைத்தான் நான் எல்லாவற்றையும்விட உன்னிப்பாகச் செய்தேன், ஏனென்றால் தீவிலிருந்து திரும்பி வரும்போது வண்டி பத்திரமாக இருந்தும் கிளம்பாமல் நின்றால் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை. எங்கள் வண்டியின் மின்கலம் 45 ஆம்பியர்-மணி. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாகத் தொடர்ச்சுற்றில் இணைத்து, கதவுத் தாழ்ப்பாளைத் திருப்புளியால் மூடியதுபோல் அழுத்தி வைத்து, சாவியை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து அளந்தேன். வண்டியின் உட்கணினிகள் எல்லாம் உறங்கிய பிறகு காட்டிய அளவு 21 மில்லிஆம்பியர். இப்படி மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் எஞ்சினை இயக்கக்கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை மீட்டர் தாங்காது.

கருவியை இணைத்து, அதை உறக்க நிலைக்குப் போகும்படி அமைத்தபின் மொத்தம் 28 மில்லிஆம்பியர் ஆனது. நாளொன்றுக்கு 0.67 ஆம்பியர்-மணி, மின்கலத்தின் பாதி குறைய ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். உறக்க நிலையை நிறுத்தி, கருவி எப்போதும் விழித்திருக்கும்படி விட்டபோது மொத்த இழுவை 86 மில்லிஆம்பியர். அதாவது நாளுக்கு இரண்டு ஆம்பியர்-மணிக்கும் மேல், பதினொரு நாளில் பாதி காலி. வயதான மின்கலம் அதுவரைகூடத் தாங்காது. கருவியின் கையேட்டில் ‘குறைந்த மின்செலவு’ என்ற ஒரு சொல்லை நம்பாமல், ஒவ்வொருவரும் தம் வண்டியில் அளந்து பார்க்கவேண்டிய எண் இது.

முதன்மைக் கருவிக்கு மூன்று வயர்கள்: எப்போதும் மின்சாரம் உள்ள நேர்முனை, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி, எதிர்முனை. நிலையான மின்சாரத்துக்கு உள்விளக்கின் ஃபியூஸையும், ஏசிசி-க்குச் சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸையும் பயன்படுத்தினேன். காற்றுப்பை, பிரேக், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களின் பக்கமே போகக்கூடாது. வயரை வெட்டாமல் இணைக்க உதவும் ஃபியூஸ் டேப், கிரிம்ப் முனைகள், 2 ஆம்பியர் ஃபியூஸ்கள் அனைத்தும் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைத்தன. பிளேடு ஃபியூஸில் அளவு வேறுபாடுகள் உண்டு. பழைய ஃபியூஸ் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்கினேன்.

ஃபியூஸ் டேப்பைப் போடும் திசையும் முக்கியம். அசல் ஃபியூஸை உருவியதும், அந்த இடத்தின் இரண்டு துளைகளில் எதில் மின்சாரம் வருகிறது என்று மீட்டரால் பார்க்கவேண்டும். மின்சாரம் வரும் துளையில், டேப்பின் வயர் வெளியேறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கால் அமரவேண்டும். அப்போதுதான் புதிய சுற்றின் மின்னோட்டம் தன் 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மட்டும் போகும். திருப்பிப் போட்டாலும் கருவி வேலை செய்யும், ஆனால் அதன் சுமை அசல் ஃபியூஸ் மீதும் ஏறும். எதிர்முனை வயரை வண்டி உடம்பில் திருகப்பட்ட ஓர் ஆணியின் கீழ், வண்ணப்பூச்சைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்கினேன்.

வயர்களைக் கட்டும்போது உடனிருந்த என் மைத்துனர் வாகன மின்பணி தெரிந்தவர். “மச்சான், சாதா பிளாஸ்டிக் டேப் வேணாம், வெயில்ல பசை உருகி வழிஞ்சிடும், துணி டேப் சுத்துங்க, தொழிற்சாலையில போட்டது மாதிரியே இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் இரட்டை நன்மை இருக்கிறது. துணி டேப் சூட்டைத் தாங்குவதோடு, மற்ற வயர்க்கட்டோடு கலந்துவிடுவதால் பின்னர் சேர்த்த வயர் என்று பார்த்தவுடன் தெரிவதில்லை.

எஞ்சினைத் தொலைவிலிருந்து நிறுத்தும் ரிலே ஒன்று கருவியோடு வந்தது. அதை நான் இணைக்கவில்லை, இணைக்கும்படி யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஓடும் வண்டியின் எரிபொருளை விரைவுச்சாலையில் துண்டித்தால் பின்னால் வருபவர்களின் உயிருக்கு ஆபத்து. ரிலே பழுதானால் நம் வண்டியே நடுவழியில் நிற்கும்.

எங்கே ஒளித்தேன், ஏன்

திருட வந்தவன் முதலில் கைவைப்பது ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள, பழுதறியும் கருவியைச் செருகும் ஓபிடி துளை, ஃபியூஸ் பெட்டியின் சுற்றுப்புறம், கையுறைப் பெட்டி. ஓபிடி துளையில் செருகும் வகை கருவியைப் பிடுங்க ஒரு நொடி போதும். முன்கண்ணாடியின் கீழுள்ள மேடையோ வானத்துக்கு மிக நல்ல இடமாக இருந்தாலும், திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நம் ஊர் வெயிலில் அதன் பரப்பு 70 பாகை செல்சியசைத் தொடக்கூடியது. கருவிக்குள் இருக்கும் சிறிய லித்தியம் மின்கலம் பொதுவாக 60 பாகைக்கு மேல் இயங்கக்கூடாது, 45 பாகைக்கு மேல் மின்னேற்றம் பெறக்கூடாது. அங்கே வைத்தால் மின்கலம் உப்பிவிடும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, 1575.42 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் சமிக்ஞை நம்மை அடையும்போது மிகமிக மெலிந்திருக்கும். பிளாஸ்டிக், துணி, சாதாரணக் கண்ணாடி ஆகியவற்றை அது ஊடுருவும்; உலோகத்தை ஊடுருவாது. கண்ணாடியில் ஒட்டும் நிழற்படலம் உலோகப்பூச்சு கொண்டதாக இருந்தால் அதுவும் தடையே. ஆகவே இடத்தை ஊகத்தால் முடிவுசெய்யாமல், செயற்கைக்கோள் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் இயக்கி, வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் கைப்பேசியை வைத்துப் பார்த்தேன். திறந்த வானத்தில் 40 டெசிபெல்-ஹெர்ட்ஸைத் தாண்டிய செயற்கைக்கோள்கள், பின்பக்கச் சன்னலுக்குக் கீழுள்ள பக்கவாட்டு பலகைக்குள் 32, 33 என்று காட்டின. மாற்றுச் சக்கரக் குழியில் எதுவுமே பிடிபடவில்லை. எனவே அந்தப் பக்கவாட்டுப் பலகைக்குள், கருவியின் சதுரப் பீங்கான் ஏரியல் உள்ள முகம் வானத்தைப் பார்க்கும்படி, நுரைப்பட்டை சுற்றி உறுதியாகப் பொருத்தினேன். அங்கே போய்ச் சேர வேண்டிய வயரைக் கதவடிப் பலகைக்குள் நுழைத்துக் கொண்டுபோக அரைநாள் பிடித்தது. அந்த உழைப்பு வீணல்ல. அதே பலகையைக் கழற்றத் திருடனுக்கும் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது கருவி ஐபி67 தரத்தில் நீர் புகாத, கையடக்கப் பெட்டி. அதைக் காந்தத்தால் வண்டியின் அடியில் ஒட்டுவதுதான் வழக்கம். குனிந்து கைவிட்டால் கிடைத்துவிடும் என்பதால் நான் அதைப் பின் பம்பரின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள், புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் கட்டினேன். பம்பரைப் பாதி கழற்றவேண்டியிருந்தது. இந்தக் கருவியின் இயல்பை நன்கு புரிந்துகொண்டே வாங்கவேண்டும்: மின்கலத்தைச் சேமிப்பதற்காக அது பெரும்பாலான நேரம் முற்றிலும் உறங்குகிறது, உறங்கும்போது நாம் அனுப்பும் கட்டளை எதுவும் அதன் காதில் விழாது. நாளுக்கொருமுறை விழிக்கும்படி அமைத்திருந்தால், திருட்டு நடந்தபின் அடுத்த செய்திக்கு 24 மணி நேரம்கூடக் காத்திருக்க நேரலாம். ஈசூனில் இருக்கும்போது அந்த அமைப்பு போதும். மலேசியப் பயணத்துக்கு முந்தைய நாள் அதை மூன்று மணி நேரத்துக்கொருமுறை என்று மாற்றிவிடுகிறேன். திருடன் மின்கல வயரை அறுத்து முதன்மைக் கருவியைப் பிடுங்கி எறிந்தாலும், இது மூன்று மணி நேரத்துக்குள் ஒருமுறை பேசிவிடும்.

மூன்றாவதாக, முன்னிருக்கையின் உறைக்குள் ஓர் ஏர்டேக், அதாவது ஆப்பிளின் புளூடூத் வில்லை. அதில் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் கடந்துபோகும் மற்றவர்களின் ஆப்பிள் கருவிகள் அதன் புளூடூத் ஒலிபரப்பைக் கேட்டு இடத்தைத் தெரிவிக்கின்றன. சிஆர்2032 மின்கலம் ஏறத்தாழ ஓராண்டு வரும். மக்கள் நெருக்கமான இடங்களில் அது வியக்கத்தக்க வகையில் வேலை செய்கிறது. மெர்சிங்குக்குப் போகும் வழியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. பிறரை மறைமுகமாகப் பின்தொடரப் பயன்படக்கூடாது என்பதற்காக, உரிமையாளரைப் பிரிந்து கூடவே நகரும் வில்லையைப் பற்றி அருகிலுள்ள ஐபோனுக்கும், 2024 மே முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் பொதுத் தரப்படி எச்சரிக்கை போகிறது. திருடனின் கைப்பேசிக்கும் அது போகும். வில்லை ஒலியெழுப்பி எச்சரிக்காதபடி அதன் ஒலிபெருக்கியைப் பிய்த்தெடுத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அந்த எச்சரிக்கை பெண்கள் பலரைக் காப்பது. என் வண்டிக்காக நான் அதில் கைவைக்க மாட்டேன். திருடன் ஏர்டேக்கைத் தேடிக் கண்டெடுத்து எறிந்தாலும், மற்ற இரண்டும் வேலை செய்துகொண்டிருக்கும். எங்கள் வண்டியை ஓட்டும் மனைவிக்கும் மூன்று கருவிகள் இருப்பதும் அவற்றின் இடங்களும் தெரியும். ஐஓஎஸ் 17 முதல் ஒரே வில்லையைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் வசதி இருப்பதால் அவருடைய கைப்பேசியிலும் அது தெரிகிறது.

மறைச்சொல்

கருவியைப் பொருத்தியதும் முதல் வேலையாக மறைச்சொல்லை மாற்றவேண்டும். இணையத்தில் இணைந்திருந்த சுமார் ஆறு லட்சம் ஜிபிஎஸ் கருவிகள் 123456 என்ற ஒரே தொடக்க மறைச்சொல்லோடு இருப்பதை அவாஸ்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கில் நுழைபவர் வண்டி எப்போது எங்கே நிற்கிறது, வீட்டில் எப்போது ஆளில்லை என்பதை வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். காப்பதற்காக வாங்கிய கருவி திருடனுக்கு உளவு சொல்லும். செயலிக் கணக்கின் மறைச்சொல், குறுஞ்செய்திக் கட்டளைக்கான எண் ஆகிய இரண்டையும் மாற்றி, கட்டளை அனுப்ப அனுமதிக்கப்பட்ட எண்களாக எங்கள் இருவருடையதை மட்டும் பதிந்தேன்.

சோதனை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்தின் கீழ்த்தளங்களில் வானமே தெரியாது. அங்கே கருவி, கைப்பேசிக் கோபுரங்களை வைத்து ஓர் உத்தேச இடத்தைச் சொல்லத் தொடங்கி, வண்டி அடுத்த புளோக்குக்குப் பறந்துவிட்டதாகக் காட்டியது. 50 மீட்டர் வட்டத்தில் எல்லை எச்சரிக்கை அமைத்தால் நள்ளிரவில் பொய்யாக ஒலிக்கும் என்பதால் 300 மீட்டராக விரித்தேன். அதிர்வு எச்சரிக்கையை உள்ளூரில் நிறுத்தியே வைத்திருக்கிறேன்; இடியும் குப்பை லாரியும் அதை எழுப்பிவிடுகின்றன. ஏசிசி மின்சாரம் வருதல், வெளிமின்சாரம் துண்டிப்பு, எல்லை தாண்டுதல், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்பறுதல் ஆகிய நான்கு எச்சரிக்கைகளை மட்டும் வைத்து, கைப்பேசி மௌனத்தில் இருந்தாலும் அவை ஒலிக்கும்படி செய்தேன்.

தொடர்பறுதல் எச்சரிக்கை பலரும் அணைத்துவிடும் ஒன்று. அலைத்தடுப்பான் வைத்து ஜிபிஎஸ்-ஐயும் கைப்பேசி அலையையும் மூடுபவனுக்கு எதிராக நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த மௌனம்தான். அலைத்தடுப்பானைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது, சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்டது. எனவே கேபிஇ விரைவுச்சாலையின் சுமார் 9 கிலோமீட்டர் சுரங்கப் பகுதியில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் வரைபடப் புள்ளி நின்றுவிட்டது, கைப்பேசி வலை அங்கே இருப்பதால் தொடர்பு மட்டும் அறுபடவில்லை. வெளியே வந்த சில விநாடிகளில் புள்ளி மீண்டும் ஓடத் தொடங்கியது. ஜிபிஎஸ் இழப்பும் வலையமைப்பு இழப்பும் செயலியில் வெவ்வேறாகத் தெரிகின்றன என்பது இதிலிருந்து எனக்கு உறுதியாயிற்று.

கடற்பாலத்தைத் தாண்டும் சோதனையில் கவனம் தேவை. ஜோகூர் பாருவின் கரையோரத்தில் உட்லண்ட்ஸ் கோபுரத்தின் அலை எட்டுவதால், அங்கே கருவி வேலை செய்வதைப் பார்த்து வெளிநாட்டுச் சேவை சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடக்கூடாது. நான் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மச்சாப் ஓய்விடம் வரை போய், அங்கே எஞ்சினை அணைத்து, கருவி உறங்கியபின் மீண்டும் இயக்கி, மலேசிய வலையமைப்பில் அது புதிதாகப் பதிந்துகொள்வதைப் பார்த்த பிறகே நிம்மதியடைந்தேன். தோட்டப்புறச் சாலைகளில் அலை இல்லாத இடைவெளிகள் வருகின்றன. அந்த நேரத்து இடங்களைக் கருவி தன் நினைவில் வைத்திருந்து, அலை கிடைத்ததும் மொத்தமாக அனுப்புகிறது.

நகர்ந்தால் என்ன செய்வது

வண்டி நகர்வதாகச் செய்தி வந்தால் நாமே துரத்திப் போகக்கூடாது என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருக்கிறோம். மலேசியாவிலும் அவசர எண் 999தான். தீவில் இருந்தபடி பேசும்போது பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாமலிருக்க, பதிவெண், அடிச்சட்ட எண், நிறம், பின்கண்ணாடியிலுள்ள அடையாளம், காப்புறுதி எண் ஆகியவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி இருவர் கைப்பேசியிலும் படமாக வைத்திருக்கிறோம். காவல்துறை அதிகாரியின் கைப்பேசிக்குச் செயலியிலிருந்து தற்காலிக இணைப்பு ஒன்றை அனுப்பினால் அவரே வண்டியின் ஓட்டத்தைப் பார்க்கலாம். அந்த இணைப்பை உருவாக்கும் முறையை மனைவி என்னைவிட வேகமாகச் செய்வார். சிங்கப்பூர்க் காப்புறுதிகள் பொதுவாக மேற்கு மலேசியாவையும் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் 80 கிலோமீட்டரையும் உள்ளடக்குகின்றன என்றாலும், அங்கே நடக்கும் திருட்டுக்கு என்ன நிபந்தனை என்பதைத் தத்தம் ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முன்கட்டணச் சிம்மில் குறித்த காலத்துக்குள் பணம் நிரப்பாவிட்டால் எண்ணே காலாவதியாகும், ஆகவே அந்தத் தேதியை நாட்காட்டியில் இருவருக்கும் நினைவூட்டலாகப் போட்டிருக்கிறேன். ஏர்டேக்கின் மின்கலத்தைச் சாலை வரி புதுப்பிக்கும் மாதத்தில் மாற்றுகிறேன். பம்பருக்குள் இருக்கும் பெட்டியை ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே எடுத்து மின்னேற்றி, அதன் ரப்பர் மூடியில் மண்ணோ உப்போ படிந்திருந்தால் துடைத்து, இறுக மூடித் திரும்ப அதே இடத்தில் கட்டுகிறேன்.